கடைசி வரிசையில் நிற்பவர்

போன ஆண்டு எங்கள் விடுதி அணி அரையிறுதியில் தோற்றதற்குக் காரணம் என் இடது கை. ஆட்டம் முடிய இரண்டே நிமிடம். 1-1. எதிரணிப் பெண் பத்தடி தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தாள். தடுக்கலாம் என்று உடம்பைக் குறுக்கே போட்டேன். பந்து முழங்கைக்குக் கீழே பட்டுத் தெறித்தது. நடுவர் விசிலை ஊதிவிட்டு வெள்ளைப் புள்ளியைக் காட்டினார். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய ஐம்பத்தெட்டு நிமிடங்களில் நான் என்ன செய்தேன் என்று யாருக்கும் நினைவில்லை. நடுத் தற்காப்பில் ஆடுபவரின் நிலைமை அது. தாக்குதல் ஆட்டக்காரர் ஒன்பது வாய்ப்புகளை வீணடித்துவிட்டுப் பத்தாவதில் கோல் போட்டால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். நாம் ஒன்பதைத் தடுத்துவிட்டுப் பத்தாவதைக் கோட்டைவிட்டால், பேருந்தில் திரும்பும்போது பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்.

அன்றிரவு எங்களுக்குப் பயிற்சி தரும் மூத்த மாணவி ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். "2019 உலகக் கிண்ணம். ஜப்பான், நெதர்லாந்து. கடைசி நிமிடத்தைப் பார். யாருடைய கை என்று பார்."

பார்த்தேன். பிரான்சின் ரென் நகரம், ஜூன் 25. இரண்டாம் சுற்று ஆட்டம் 1-1 என்று நிற்கிறது. பிற்பாதி முழுக்க ஜப்பானின் கைதான் ஓங்கியிருந்தது. கோல் கம்பத்திலும் குறுக்குக் கம்பத்திலும் பந்து பட்டுத் திரும்பியது. கடைசி நேரத்தில் நெதர்லாந்தின் விவியான் மீடமா உதைத்த பந்து ஒரு ஜப்பானியத் தற்காப்பு ஆட்டக்காரரின் கையில் படுகிறது. பெனால்டி. லீகே மார்ட்டன்ஸ் கோலாக்குகிறார். 2-1. ஜப்பான் வெளியேறுகிறது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் அணியின் தலைவி, சாகி குமகாய்.

யார் இவர் என்று தேடினேன். இரவு மூன்று மணி ஆகிவிட்டது. மறுநாள் காலை வகுப்புக்கு நான் போகவில்லை என்பதை அம்மா இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

குமகாய் 1990 அக்டோபரில் ஜப்பானின் வடக்கே, பனி கொட்டும் சப்போரோ நகரில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளிக் கல்விக்காக வீட்டைவிட்டு செண்டாய் நகருக்குப் போனார். அங்கிருந்த தோக்கிவாகி காகுவென் பள்ளி, பெண்கள் காற்பந்துக்குப் பெயர்போனது. 17 வயதிலேயே தேசிய அணியில் முதல் ஆட்டம். 2009இல் சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, படித்துக்கொண்டே உராவா ரெட் டைமண்ட்ஸ் மகளிர் குழுவுக்கு ஆடினார். விரிவுரை, பயிற்சி, தேர்வு, மறுபடியும் பயிற்சி. இந்த வரியில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவரை நான் பார்த்த காற்பந்து நட்சத்திரங்களின் கதைகளில் பல்கலைக்கழகம் என்ற சொல்லே வருவதில்லை.

எங்கள் வீட்டில் காற்பந்து என்றால் அப்பா காப்பிக் கடையில் நண்பர்களுடன் பார்க்கும் ஒன்று. பெண் பிள்ளை ஆடுவது பற்றி யாரும் 'கூடாது' என்று சொன்னதில்லை. "முதல்ல டிகிரியை முடி, அப்புறம் விளையாடலாம்" என்பார் அம்மா. "வெயில்ல கறுத்துப்போயிடுவ" என்பார் பாட்டி. இரண்டுமே அன்பில் சொல்லப்படுபவை. ஆனாலும் தொடக்கக் கல்லூரியில் காற்பந்தை என் இணைப்பாட நடவடிக்கையாக எடுக்காமல் விட்டது அந்த அன்பினால்தான். இரண்டு ஆண்டு இடைவெளி விழுந்த கால்கள் இன்னமும் முழுதாகத் திரும்பி வரவில்லை.

குமகாய்க்கு 20 வயது ஆனபோது, 2011 மார்ச் 11 அன்று, வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. செண்டாயும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. அவருடன் தேசிய அணியில் இடது தற்காப்பில் ஆடிய அயா சமேஷிமா, அதற்கு முன்பு ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்த மின் நிறுவனத்தின் குழுவில் ஆடியவர். விபத்துக்குப் பிறகு அந்தக் குழுவே இல்லாமல்போனது. அப்போதைய ஜப்பானிய ஆட்டக்காரர்களில் பலர் முழுநேர ஊதியம் பெறாதவர்கள். பகலில் வேலை, மாலையில் பயிற்சி என்று இருந்தவர்கள்.

இந்த அணிதான் நான்கு மாதங்களுக்குள் ஜெர்மனியில் உலகக் கிண்ணத்துக்குப் போனது. ஜெர்மனியுடனான காலிறுதிக்கு முன்பு பயிற்றுநர் நோரியோ சசாகி பேரிடர்ப் படங்களை ஆட்டக்காரர்களுக்குக் காட்டினார். போட்டியை நடத்திய நாட்டையே, கூடுதல் நேரத்தில் கரினா மருயாமா போட்ட ஒரே கோலால் ஜப்பான் வீழ்த்தியது. அடுத்து சுவீடன், 3-1. இறுதியாட்டத்தில் அமெரிக்கா. அதுவரை அமெரிக்காவை ஜப்பானியப் பெண்கள் ஒருமுறைகூட வென்றதில்லை.

ஜூலை 17, ஃபிராங்ஃபர்ட். நம் நேரப்படி மறுநாள் அதிகாலை. எனக்கு அப்போது ஐந்து வயது, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். முழு ஆட்டத்தையும் இப்போதுதான் பார்த்தேன். முடிவு தெரிந்து பார்த்தும் உள்ளங்கை வியர்த்தது.

அமெரிக்கா முன்னிலை பெறுகிறது. அயா மியாமா சமன் செய்கிறார். கூடுதல் நேரத்தில் அபி வாம்பாக் தலையால் முட்டி மறுபடி முன்னிலை தருகிறார். 117வது நிமிடத்தில் அணித்தலைவி ஹோமாரே சாவா மறுபடி சமன் செய்கிறார். எல்லாக் காணொளித் தொகுப்புகளும் இங்கிருந்து நேராகப் பெனால்டிக்குத் தாவிவிடும். நான் சொல்ல விரும்புவது நடுவில் விழுங்கப்படும் ஒரு காட்சி. கடைசி நிமிடத்தில் அலெக்ஸ் மோர்கன் கோலை நோக்கிப் பாய்கிறார். குமகாயுடன் நடுத் தற்காப்பில் நின்ற அசுசா இவாஷிமிசு, வேறு வழியில்லாமல் அவரை வீழ்த்துகிறார். சிவப்பு அட்டை. அவர் வெளியே நடக்கிறார். ஆட்டத்தின் மிக ஆபத்தான கணத்தில், பெனால்டி எல்லைக்குச் சற்று வெளியே அமெரிக்காவுக்கு ஃபிரீ கிக், ஜப்பானிடம் ஓர் ஆள் குறைவு, நடுத் தற்காப்பில் பழகிய துணை இல்லை. மிஞ்சியிருப்பவர் 20 வயது மாணவி. தடுத்துவிட்டார்கள். அந்தத் தடுப்பு எந்தப் பதிவேட்டிலும் கோலாகவோ உதவியாகவோ எழுதப்படவில்லை.

பிறகு பெனால்டி. தொடங்குவதற்கு முன்பு வட்டமாக நின்ற ஜப்பானிய அணியில் பயிற்றுநர் சசாகி சிரித்துக்கொண்டிருக்கிறார். எதிரில் அமெரிக்கர்களின் முகங்கள் இறுகிக் கிடக்கின்றன. ஷனன் பாக்ஸின் உதையை கோல்காப்பாளர் அயூமி கைஹோரி காலால் தடுக்கிறார். கார்லி லாய்டின் பந்து கம்பத்துக்கு மேலே பறக்கிறது. டோபின் ஹீத்தின் உதையும் தடுக்கப்படுகிறது. நான்காவதாக நடந்து வருகிறார் குமகாய். இதைப் போட்டால் கிண்ணம். எதிரே ஹோப் சோலோ, அன்றைய உலகின் தலைசிறந்த கோல்காப்பாளர்களுள் ஒருவர். குமகாய் பந்தை வைக்கிறார், பின்னால் போகிறார், ஓடி வந்து உதைக்கிறார். வலையின் மேல் மூலை.

உலகக் கிண்ணத்தை வென்ற முதல் ஆசிய அணி ஜப்பானியப் பெண்களுடையது. ஆண்களில் எந்த ஆசிய அணியும் இன்றுவரை வென்றதில்லை. அப்பாவின் காப்பிக் கடை நண்பர்களிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மான்செஸ்டர் யுனைடெட் பேச்சுக்குத் திரும்பிவிட்டார்கள்.

நாடு திரும்பிய அணிக்கு அரசாங்கத்தின் மக்கள் கௌரவ விருது கிடைத்தது. அதுவரை தனிமனிதர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டு வந்த விருது அது. குமகாய் அங்கேயே இருந்து புகழை அனுபவித்திருக்கலாம். அதே ஆண்டு, தான் கிண்ணம் வென்ற அதே ஃபிராங்ஃபர்ட் நகரத்தின் குழுவில் சேர்ந்தார். புது நாடு, புது மொழி. தற்காப்பில் மொழி தெரியாமல் ஆடுவது எவ்வளவு சிரமம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தாக்குதல் ஆட்டக்காரர் வாயைத் திறக்காமலே தொண்ணூறு நிமிடம் ஓடலாம். நாங்கள் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். "பின்னால் ஆள்", "மேலே ஏறு", "விடு, கோல்காப்பாளர் எடுக்கட்டும்" என்பதையெல்லாம் அரை நொடியில் சொல்லியாக வேண்டும். எங்கள் அணியிலேயே ஆங்கிலம், மாண்டரின், மலாய் என்று கலந்து கத்துவோம். பதற்றத்தில் என் வாயில் "ஏய் பாத்து!" என்றுதான் வரும். இப்போது கோல்காப்பாளரான சீனத் தோழிக்கு அது பழகிவிட்டது. சில சமயம் அவளே "பாத்து பாத்து" என்று திருப்பிக் கத்துகிறாள்.

2013இல் குமகாய் பிரான்சின் லியோன் குழுவுக்குப் போனார். அங்கே எட்டுப் பருவங்கள். பெண்கள் காற்பந்தில் அந்தக் காலத்து லியோனுக்கு இணை கிடையாது. 2016 முதல் 2020 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கிண்ணம். ஐந்திலும் அவர் குழுவில் இருந்தார். 2016 இறுதியாட்டம் வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக 1-1 என்று முடிந்து பெனால்டிக்குப் போனபோது, வெற்றி தந்த கடைசி உதை அவருடையது. 2020 இறுதியாட்டத்தில், அதே வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக, பெனால்டி எல்லைக்கு வெளியிலிருந்து ஒரு கோலும் போட்டார். லியோனில் பல நேரம் அவரைத் தற்காப்பு வரிசைக்குச் சற்று முன்னால், நடுத்திடலில் நிறுத்தினார்கள். தன் அணியில் ஓர் இடம், குழுவில் வேறோர் இடம். இரண்டுக்கும் கண்கள் வேறு மாதிரி பழக வேண்டும். அதை அவர் ஆண்டுக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்தார்.

இதற்கிடையே ஜப்பானிய அணி சரிந்தது. 2012 ஒலிம்பிக்கில் வெள்ளி. 2015 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அமெரிக்காவிடம் 5-2 என்ற தோல்வி. முதல் பதினாறு நிமிடங்களுக்குள் நான்கு கோல் விட்டார்கள். தற்காப்பு ஆட்டக்காரராக அதைத் திரும்பப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. சாவா, மியாமா என்று பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக விலகின. அந்த வெற்றிடத்தில், 2017இல், தலைவியின் பட்டை குமகாயின் கைக்கு வந்தது.

கிண்ணம் வென்ற அணிக்குத் தலைமை ஏற்பது ஒன்று. எல்லாரும் போன பிறகு, பதின்ம வயதில் அந்தக் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த தங்கைகளை வைத்துக்கொண்டு அணியை மறுபடி கட்டுவது வேறு. 2018 ஆசியக் கிண்ணத்தை ஜோர்தானில் அவர் தலைமையில் ஜப்பான் வென்றது. இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 1-0. அதற்கு அடுத்த ஆண்டுதான் ரென் நகரத்து அந்தக் கை.

அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. பந்து கையில் பட்டதும் ஆட்டம் முடிந்துவிடவில்லை. பெனால்டி கோலான பிறகும் சில நிமிடங்கள் மிச்சமிருந்தன, ஜப்பான் தாக்கிக்கொண்டே இருந்தது. அந்த நிமிடங்களை நான் என் ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எதிரணி கோல் போட்ட பிறகு எங்களுக்கும் ஒரு நிமிடத்துக்குமேல் நேரம் இருந்தது. நான் என்ன செய்தேன்? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பந்து என் பக்கம் வந்தபோதுகூட ஓடவில்லை. என் கையைவிட அந்த ஒரு நிமிடம்தான் பின்னர் என்னை அதிகம் உறுத்தியது.

அதே 2019இல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு குமகாயை ஆண்டின் சிறந்த பெண் ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது. தற்காப்பில் ஆடுபவர்களுக்கு இத்தகைய விருது வருவது அபூர்வம். அதே ஆண்டில்தான் சக ஆட்டக்காரர்களுடன் சேர்ந்து 'நாதெகேர்' என்ற அமைப்பையும் அவர் தொடங்கினார். பெண்கள் காற்பந்தின் மதிப்பை உயர்த்துவதும், ஆடும் சிறுமிகளோடு தேசிய ஆட்டக்காரர்களை நேரில் பழகவிடுவதும் அதன் வேலை. 2021இல் ஜப்பானில் முழுக்க முழுக்கத் தொழில்முறையிலான முதல் மகளிர் லீக் பிறந்தது. உலகக் கிண்ணம் வென்று பத்து ஆண்டு கழித்து! நம் சிங்கப்பூரின் டெனல் டானும் அந்த லீக்கில் ஆடச் சென்றார் என்பது இங்கே சொல்லத் தக்கது.

இதுவரை நான் எழுதியதைத் திரும்பப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மூன்று பெனால்டிகளை வைத்து ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டேன். தற்காப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்று குறைபட்டுக்கொண்டே நானும் அதையே செய்திருக்கிறேன். ஆகவே ஓர் ஆட்டத்தை மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன். நேரம் கிடைத்தால் நீங்களும் பாருங்கள்.

2023 ஜூலை 31, நியூசிலாந்தின் வெலிங்டன். உலகக் கிண்ண முதல் சுற்றில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதின. ஸ்பெயின் பந்தைத் தன் கால்களைவிட்டுப் பிரியவே விடாத அணி. அன்றும் அப்படித்தான், ஆட்டத்தின் பெரும்பகுதி பந்து ஸ்பெயினிடமே இருந்தது. ஜப்பான் ஐந்து பேரைப் பின்னால் வரிசையாக நிறுத்தியது. வரிசையின் நடுவில் 32 வயது குமகாய். அவர் பந்தைத் துரத்துவதே இல்லை. ஸ்பெயின் வலப்பக்கம் போனால் வரிசை முழுதும் இரண்டடி வலப்பக்கம் நகரும். திரும்பினால் வரிசையும் திரும்பும். கயிற்றில் கட்டி இழுப்பதுபோல. ஸ்பெயின் ஆட்டக்காரர்கள் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டே இருக்கிறார்கள், நுழைய இடமே கிடைக்கவில்லை. ஓரிடத்தில் பந்து பறிபோனதும் ஜப்பான் மூன்றே நான்கு தட்டலில் எதிர்முனைக்குப் போய்விடுகிறது. இடைவேளைக்குள் மூன்று கோல். முடிவு 4-0.

அந்த நான்கு கோல்களில் ஒன்றுகூட குமகாய் போட்டதில்லை. ஆனால் எதிரில் இருந்த பூஜ்யம் அவர் கையெழுத்து. மூன்று வாரம் கழித்து உலகக் கிண்ணத்தை வென்றது இதே ஸ்பெயின்தான். அந்தப் போட்டியில் அவர்கள் தோற்ற ஒரே ஆட்டம் இது. முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களில் ஜப்பான் ஒரு கோல்கூட விடவில்லை. பிறகு காலிறுதியில் சுவீடனிடம் 2-1 என்று தோற்று வீடு திரும்பியது.

அதன் பிறகும் அவர் நிறுத்தவில்லை. லியோனுக்குப் பிறகு பயர்ன் மியூனிக், அடுத்து ரோமா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மறுபடி தலைவி, காலிறுதியில் அமெரிக்காவிடம் கூடுதல் நேரத்தில் தோல்வி. 2025 தொடக்கத்தில், இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் இருந்த லண்டன் சிட்டி லயனஸஸ் குழுவுக்குப் போனார். ஐந்து சாம்பியன்ஸ் லீக் கிண்ணம் வைத்திருப்பவர் இரண்டாம் நிலைக்கு இறங்குவதா என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பருவமே குழு முதல்நிலைக்கு உயர்ந்தது.

மூத்த மாணவியின் செய்திக்கு நான் பதில் அனுப்பவே இல்லை. இந்தப் பருவம் தொடங்கியதும் அவரே மறுபடி எழுதினார். "தலைவியாக இருக்கிறாயா?" என்று கேட்டிருந்தார். என் கையால் தோற்ற அணிக்கு என்னையே தலைவியாகக் கேட்கிறாரே என்று ஒன்பது நாள் அதற்கும் பதில் போடவில்லை. நீல நிற இரட்டைக் குறி விழுந்தது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். படிப்பு கெடும் என்பார் என்று எதிர்பார்த்தேன். "கேப்டன்னா அதிகமா ஓடணுமா?" என்று கேட்டார். இல்லை, அதிகமாகக் கத்த வேண்டும் என்றேன். "அது உனக்கு வரும்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை மாலை பயிற்சிக்குப் போனேன். மழை பெய்து விட்டிருந்தது, திடலில் ஆங்காங்கே தண்ணீர். முதலாமாண்டு மாணவிகள் நான்கு பேர் புதிதாக வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி நடுத் தற்காப்பு என்றாள், சொல்லும்போதே மன்னிப்புக் கேட்பதுபோல். பயிற்சி ஆட்டத்தில் அவளை எனக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். பட்டை என் கைக்குக் கொஞ்சம் தளர்வாக இருந்தது. கோல்காப்பாளரிடம் ஓர் ஊக்கு வாங்கிக் குத்திக்கொண்டேன்.